214 கோடியும் 429 கோடியும்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647; 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. முதல் எண்ணை இரட்டித்து மூன்றைக் கூட்டினால் இரண்டாவது வந்துவிடும். அவ்வளவு நெருங்கிய சொந்தம். முன்னது 2³¹−1, பின்னது 2³²+1. இரண்டுமே பகா எண்கள் என்று 17-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் சொன்னார்கள்: முன்னதை மெர்சென், பின்னதை ஃபெர்மா. இரண்டு வழக்கையும் முடித்துவைத்தவர் ஆய்லர்.

ஃபெர்மாவின் எண் 1732-இல் விழுந்தது. அதைப் பகா எண் ஒன்று வகுக்குமானால், அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். 193, 257, 449, 577 என்று பார்த்துக்கொண்டே வந்தால் ஐந்தாவதாக 641. மீதியே இல்லை, ஈவு 67,00,417.

641-இடம் ஓர் அழகு உண்டு. அது 5×2⁷+1, அதுவே 5⁴+2⁴. ஆகவே 641-ஆல் வகுக்கையில் 5×2⁷ என்பது −1-க்குச் சமானம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸ என்பது 1-க்குச் சமானம். 5⁴ இருக்குமிடத்தில் −2⁴-ஐ வையுங்கள்: −2³² என்பது 1-க்குச் சமானம். அதாவது 2³²+1 மீதியின்றி வகுபடும். நீள வகுத்தலே தேவைப்படவில்லை.

மெர்சென் எண்ணிடம் இந்தச் சலுகை கிடையாது. ஒரு எண்ணைப் பகு எண் என்று தள்ள ஒரு சாட்சி போதும். பகா எண் என்று ஏற்க ஊரையே விசாரிக்க வேண்டும். வர்க்கமூலமான 46,340 வரை தேட வேண்டும். வகுத்தி 248-இன் மடங்கைவிட 1 அல்லது 63 கூடுதலாக இருந்தாக வேண்டும் என்று சலித்தெடுத்தபின்னும் சுமார் 370 எண்கள் எஞ்சும். எதுவும் வகுக்கவில்லை என்று 1772-இல் ஆய்லர் அறிவித்தார். கண்டுபிடிப்பின் குதூகலம் 641-இல்தான். உழைப்பு முழுக்க இங்கே.

அதற்குக் கூலியும் கிடைத்தது. 2³⁰-ஆல் பெருக்கினால் 19 இலக்க நிறைவெண் ஒன்று வரும். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வருவது. இதைவிடப் பெரிய நிறைவெண் கண்டுபிடிக்கப்படப்போவதில்லை என்று 1811-இல் பீட்டர் பார்லோ எழுதினார். 1876-இல் லூக்கா 2¹²⁷−1 பகா எண் என்று காட்டினார். அதிலிருந்து இன்னும் பெரிய நிறைவெண் வந்துவிட, பார்லோவின் ஆரூடம் 65 ஆண்டோடு முடிந்தது. அடுக்கை இரட்டித்துக்கொண்டே போகும் ஃபெர்மாவின் வரிசையிலோ (…, 2¹⁶+1, 2³²+1, …) 2¹⁶+1 ஆகிய 65,537-க்குப் பிறகு இன்றுவரை ஒரு பகா எண்கூடச் சிக்கவில்லை.

ஆனாலும் தோற்ற எண் வெறுங்கையோடு போகவில்லை. 641 வெட்டியெடுத்த 67,00,417 ஒரு பகா எண். மிகப் பெரிய பகா எண்களின் வரலாற்றுப் பட்டியல்கள் பலவற்றில் 2³¹−1-க்கு முந்தைய இடத்தில் உட்கார்ந்திருப்பது அதுதான்.