கல்யாண வேலையை யார் பார்த்தார்கள்?

தலைப்பைப் பார்த்துவிட்டு எனக்குத்தான் கல்யாணமோ என்று ஓடி வந்த வகுப்புத் தோழர்கள் மன்னிக்கவும். கல்யாணம் அக்காவுக்கு. கார்த்திகையில் முகூர்த்தம். பையன் வீடு மேடவாக்கம், எங்கள் வீடு பள்ளிக்கரணை. ஷேர் ஆட்டோவில் போய்விடும் தூரம்தான். ஆனாலும் இரண்டு மாதமாக வீட்டில் ஒரே சண்டை: மொத்தக் கல்யாணத்தையும் எடுத்துச் செய்யும் ஆளிடம் (வெட்டிங் பிளானர் என்று போர்டு வைத்திருக்கிறார்கள்) விடுவதா, வேண்டாமா?

அக்கா விடலாம் என்கிறாள். அப்பா சொல்வது ஒரே வாக்கியம்தான். "அந்தக் காலத்துல யாரு காசு குடுத்து ஆள் வெச்சா? நம்ம சனமே எல்லாத்தையும் பார்த்துக்கல?"

பி.காம். படிக்கிறவன் என்பதால் கணக்குப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. மொத்தச் செலவு 15 லட்சம் என்று வைத்தால், 10 சதவீதம் கூலி 1,50,000. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 27,000. ஆக 1,77,000 ரூபாய். அப்பா பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த "அந்தக் காலத்துல" தான் என்னைக் குடைந்தது. உண்மையில் யார்தான் பார்த்தார்கள்?

மன்னார்குடிப் பக்கம் 1967இல் கல்யாணமான எங்கள் பாட்டியைக் கேட்டேன். மூன்று நாள் கல்யாணமாம். பந்தலுக்குள் மேலே வெள்ளை கட்டியது ஊர் வண்ணார். முடி திருத்தியதும், வீடு வீடாய்ப் போய்ச் செய்தி சொன்னதும் ஊர் நாவிதர். பானை கொண்டு வந்து இறக்கியது குயவர். மேளம், வாழை மரம், விறகு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஆள் இருந்திருக்கிறது. "அவங்களுக்கெல்லாம் எவ்வளவு குடுத்தாங்க பாட்டி?" என்றேன். நெல்லு, வேட்டி, மிச்சச் சாப்பாடு. "முடியாதுன்னு அவங்க சொல்லலாமா?" என்று கேட்டேன். பாட்டி சிரித்துவிட்டு வெற்றிலையை மடித்தாள்.

அதாவது காசு கொடுத்து ஆள் வைக்கவில்லை என்பது சரி. ஆள் இல்லை என்பதுதான் தப்பு. பரம்பரையாக, சாதிப்படி, மறுக்க முடியாத ஆட்கள் இருந்தார்கள். "நம்ம சனம்" என்று அப்பா சொல்லும் கணக்கில் அவர்கள் பெயர் இல்லை. வீட்டுப் பெண்களுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. தன் தங்கை கல்யாணத்தில் பாட்டி ஆட்டுக்கல்லை விட்டு எழுந்ததே தாலி கட்டுகிற நேரத்துக்குத்தானாம். கெட்டிமேளம் காதில் விழுந்தது, கண்ணால் பார்க்கவில்லை என்கிறாள்.

கொங்குப் பக்கம் இன்னும் சுவாரசியம். அங்கே கவுண்டர் கல்யாணங்களில் சடங்குகளை வரிசையாக நடத்தித் தர அருமைக்காரர் என்று ஒருவர் உண்டு. எது முதலில், எது பின்னால், யார் எங்கே நிற்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மங்கல வாழ்த்துப் பாடுவது நாவிதர். பிளானர் என்ற வேலை நேற்று வந்தது என்று நினைத்தால் அருமைக்காரரை என்னவென்று சொல்வது?

செட்டிநாட்டு நகரத்தார் எழுத்தில் கெட்டிக்காரர்கள். இசைகுடிமானம் என்று கல்யாணத்துக்கே ஒரு பத்திரம் எழுதுகிறார்கள். அவர்களுடைய 9 கோயில்களில் எதைச் சேர்ந்தவர்களோ, அந்தக் கோயிலில் புதுத் தம்பதி ஒரு புள்ளியாகப் பதிவாக வேண்டும். முகப்பு, வளவு என்று நீளும் அந்த வீடுகளைக் கட்டும்போதே கல்யாணக் கூட்டத்தை மனதில் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஹாலில் சோபாவைத் தூக்கி வெளியே போட்டால் இருபது பேர் உட்காரலாம்!

இந்த ஏற்பாடுகளை எல்லாம் ஒரே போடாகப் போட்டது சுயமரியாதைத் திருமணம். 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் திருமணம் நடந்தது. ஐயர் இல்லை, அக்கினி இல்லை, நாள்கணக்கில் சடங்கும் இல்லை. அண்ணா ஆட்சியில் 1967இல் சட்டம் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்தவையும் செல்லும் என்றார்கள். உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும். சட்டப்படி பார்த்தால் அக்கா கல்யாணத்துக்கு 1,77,000 வேண்டாம், இரண்டு மாலை போதும். இதை வீட்டில் சொன்னேன். அம்மா பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதே 1960களில்தான் சாவி 'வாஷிங்டனில் திருமணம்' எழுதினார். ஒரு தமிழ்க் கல்யாணத்தை அப்படியே அமெரிக்காவுக்குத் தூக்கிப் போவதுதான் கதை. முழுக்க முழுக்க ஏற்பாடுகள்தான் அதில் நகைச்சுவை. காசு போட ஒரு ராக்ஃபெல்லர் அம்மாள் இருந்தால் மனிதர்களே விமானத்தில் வந்து இறங்குவார்கள்! 2001இல் மீரா நாயரின் 'மான்சூன் வெட்டிங்' படத்தில் டில்லிக் கல்யாணப் பந்தல் கான்ட்ராக்டர் துபே முக்கியப் பாத்திரமாகவே வந்துவிட்டார். வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய படம். பார்க்காதவர்கள் பார்க்கவும்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம். அப்பா, அம்மா கல்யாணம் 1996இல். பழைய ஆல்பத்தை எடுத்து வைத்து, ஓடியாடி வேலை செய்தவர்களை அப்பாவையே எண்ணச் சொன்னேன். பதினெட்டுப் பேர். அதில் நான்கு பேர் இப்போது இல்லை. பெரியப்பாவுக்கு மூட்டு வலி. மாமா ஷார்ஜாவில். சித்தி ஐ.டி. கம்பெனியில், அவளுக்கு லீவே இரண்டு நாள்தான். பந்தியில் சாம்பார் வாளி தூக்கிய கை என்று இப்போது தேறுவது மூன்றே பேர். அப்பா ஆல்பத்தை மூடிவிட்டு எதுவும் பேசவில்லை. எனக்கே கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது. எண்ணச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஆனால் முடிவு செய்தது அந்த எண்ணிக்கை இல்லை, மழை. நாங்கள் இருப்பது சதுப்பு நிலத்து ஊர். 2011இல் மாநகராட்சியில் சேர்த்தார்கள், 2022இல் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. தண்ணீருக்கு இதெல்லாம் தெரியுமா? 2015 டிசம்பரில் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாமுக்கும் வந்தது. கார்த்திகை முகூர்த்தம் வேறு. பேச வந்த பிளானரிடம் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "முந்தின நாள் ராத்திரி மண்டபத்துல முழங்கால் தண்ணின்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் ஆல்பத்தை எல்லாம் மூடி வைத்துவிட்டு யோசித்தார். ஜெனரேட்டர் தரையில் இருக்கிற மண்டபம் வேண்டாம், சாப்பாட்டுக் கூடமும் சமையலும் மாடியில் இருக்கவேண்டும், மேட்டுப் பகுதியில் இன்னொரு மண்டபத்தில் முன்கூட்டியே பேசி வைக்கவேண்டும், சமையல் மாஸ்டர் முதல் நாள் மதியமே உள்ளே வந்துவிடவேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். அப்பா டிவியை அணைத்தது அப்போதுதான்.

கடைசியில் முழு கான்ட்ராக்ட் இல்லை. மண்டபம், சமையல், மேளம் எல்லாம் அப்பாவே பேசுகிறார். முதல் நாளும் முகூர்த்த நாளும் மட்டும் பிளானர் பொறுப்பு, 45,000 ரூபாய், வரி தனி. அம்மாவும் சித்தியும் அந்த இரண்டு நாளும் சமையல் கட்டுப் பக்கமே போகக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பாட்டிக்கு முன் வரிசையில் நாற்காலி.

அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மொய் மேஜையில் வெளியாள் உட்காரக்கூடாது. பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து நடத்துகிறவர்களைக் கேட்டால் அவர் பக்கம்தான் பேசுவார்கள். அங்கே மொய் என்றால் திருப்பிச் செய்யவேண்டிய கடன். நோட்டில் ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு உறவே விட்டுப்போகும். 1996 மொய் நோட்டு இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. யாருக்குத் திருப்பிச் செய்தாயிற்று, யாருக்கு இல்லை என்று சிவப்பு மையில் டிக் வேறு அடித்து வைத்திருக்கிறார்.

புது நோட்டு வாங்கியாகிவிட்டது. மேஜையில் உட்காரப்போவது நான்தான். வருகிறவர்கள் இனிஷியலோடு பெயர் சொல்லவும்.