தோற்றவர்க்கும் ஒரு வாயில்: ஹேர்லிங் போட்டிச் சீர்திருத்தத்தின் வரலாறு

அயர்லாந்து மக்கள் தம் மொழியைப் போலவே போற்றிக் காத்துவரும் விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் ஹேர்லிங். ஆஷ் மரத்தில் செதுக்கிய, நுனி அகன்ற மட்டையைக் கையிலேந்திப் பக்கத்துக்குப் பதினைந்து பேர் ஆடுவர். தோல் போர்த்த சிறு பந்தைக் குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் செலுத்தினால் மூன்று புள்ளி; கம்பத்துக்கு மேலே செலுத்தினால் ஒரு புள்ளி. ஆடுவோர் எவரும் கூலிக்கு ஆடுபவரல்லர். பகலில் ஆசிரியராகவும் உழவராகவும் தொழிலாளராகவும் இருந்து, மாலையில் மைதானத்துக்கு வருபவர் அவர்கள். 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விளையாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இத்தகைய விளையாட்டில் அகில அயர்லாந்துப் பட்டத்துக்கான போட்டியை எவ்வாறு நடத்துவது என்ற வினா நூற்றாண்டுக்கு மேலாக அந்நாட்டவர் சிந்தையை அலைத்து வந்துள்ளது. ஒருமுறை தோற்றவன் வீடு திரும்ப வேண்டுமா? அன்றி, அவனுக்கு மறுவாய்ப்பு அளிக்க வேண்டுமா? சிறிய கேள்விபோல் தோன்றும் இதற்குள் பெரிய நீதி ஒன்று மறைந்து கிடக்கிறது.

கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் நாள் தேர்லஸ் என்னும் ஊரில் ஒரு தங்கும் விடுதியில் தோற்றுவிக்கப்பட்டது. மைக்கல் கியூசாக் என்னும் ஆசிரியர் அதற்கு முன்னின்று உழைத்தார். 1887ஆம் ஆண்டுக்குரிய முதற் போட்டியில் உண்மையில் ஆடியவை ஐந்து மாவட்டங்களே. ஒவ்வொரு மாவட்டத்திலும் வெற்றி பெற்ற கழகமே அம்மாவட்டத்தின் பெயரால் களம் புகுந்தது. அக்காலத்தில் அணிக்கு இருபத்தொருவர். 1888 ஏப்ரல் முதலாம் நாள் பிர் என்னும் சிற்றூரில் நடந்த இறுதியாட்டத்தில், டிப்பரேரியின் தேர்லஸ் கழகம் கால்வேயின் மீலிக் கழகத்தை வென்று முதற் பட்டத்தைச் சூடிக்கொண்டது.

மறு ஆண்டே போட்டியின் அமைப்பு மாறியது. மன்ஸ்டர், லெயின்ஸ்டர், அல்ஸ்டர், கொனாட் என்னும் நான்கு மாகாணங்களும் தத்தம் எல்லைக்குள் முதலில் ஆடி, ஒவ்வொரு வெற்றியாளரை அனுப்ப வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நிருவாகத்துக்கு இஃது எளிதாயிருந்தது. ஆனால் விளையாட்டின் வலிமை நான்கு மாகாணங்களிலும் ஒரே அளவாக இருக்கவில்லை. தெற்கே மன்ஸ்டரில் கோர்க், டிப்பரேரி, லிமெரிக், கிளேர், வாட்டர்போர்ட் என ஐந்து மாவட்டங்கள் ஒன்றையொன்று நெருக்கி நின்றன. மேற்கே கொனாட்டில் கால்வே தனித்து நின்றது.

இந்த ஏற்றத்தாழ்வு இரு வகைத் துன்பங்களை விளைத்தது. மன்ஸ்டரில் நல்ல அணிகள் பல, கோடைகாலம் தொடங்கியவுடனேயே ஓர் ஆட்டத்தில் தோற்று வெளியேறின. கிளேர் 1914இல் பட்டம் வென்ற பின், மறுபடி வெல்ல 1995 வரை, அதாவது 81 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. கால்வேக்கோ ஆடுவதற்கு எதிரியே இல்லை. 1958இல் அவ்வணி ஓர் ஆட்டமும் ஆடாமலே நேராக இறுதியாட்டத்துக்கு வந்து, பயிற்சியின்மையோடு டிப்பரேரியை எதிர்கொண்டு தோற்றது. 1959 முதல் 1969 வரை அதனை மன்ஸ்டரோடு சேர்த்துப் பார்த்தனர்; அங்கும் அது பட்டம் காணவில்லை. 1923இல் வென்ற கால்வே அடுத்து வென்றது 1980இல்தான். ஒருவனுக்கு ஆட்டம் மிகக் குறைவு. மற்றவனுக்கு எதிரிகள் மிக அதிகம். முறை ஒன்றே, அநீதி இரண்டு.

ஆண்டு முழுதும் பயின்ற மாணவனை ஒரு நாளில் ஒரு வினாத்தாளினால் அளந்துவிடலாமா என்று கல்வியாளர் கேட்பதுண்டு. அதே கேள்வியை ஹேர்லிங் வீரரும் கேட்டனர். குளிர்காலம் முழுவதும் மழையிலும் சேற்றிலும் பயின்றவன், எழுபது நிமிட ஆட்டம் ஒன்றோடு அவ்வாண்டுக்கு விடைபெறுதல் தகுமா? மறுதரப்பாரின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. தோல்விக்கு விலை இல்லையாயின் வெற்றிக்கு மதிப்பேது? மன்ஸ்டர் இறுதியாட்டத்தின் சுவையே, தோற்றவர் வீடு திரும்புவர் என்பதில் அன்றோ இருந்தது என்றனர் அவர்கள்.

நெடுங்கால விவாதத்துக்குப் பின் 1997இல் ஒரு சிறு வாயில் திறக்கப்பட்டது. மன்ஸ்டர், லெயின்ஸ்டர் மாகாண இறுதியாட்டங்களில் தோற்ற இரு அணிகளும் காலிறுதியில் மீண்டும் சேரலாம் என்பதே புதிய விதி. மக்கள் இதனைப் பின்கதவு என்று அழைத்தனர். அவ்வாண்டிலேயே கிளேரும் டிப்பரேரியும் இரண்டாம் முறையாக அகில அயர்லாந்து இறுதியாட்டத்தில் சந்தித்தன. மாகாணத்தில் வென்ற கிளேரே அங்கும் ஒரு புள்ளியால் வென்றது. பின்கதவால் வந்தவன் அரியணை ஏறவில்லை எனப் பழைமை விரும்பிகள் மனநிறைவு கொண்டனர்.

அம்மனநிறைவு ஓராண்டே நிலைத்தது. 1998இல் ஒபாலி என்னும் சிறு மாவட்டம் லெயின்ஸ்டர் இறுதியாட்டத்தில் கில்கெனியிடம் தோற்றது. பின்கதவால் மீண்டும் புகுந்து, அரையிறுதியில் கிளேரோடு சமநிலை கண்டது. மறு ஆட்டத்தில் கிளேர் மூன்று புள்ளி முன்னின்ற வேளையில், மத்தியஸ்தர் நேரத்தைத் தவறாகக் கணித்து, ஏறத்தாழ இரண்டு நிமிடம் முன்னதாகவே ஆட்டத்தை முடித்துவிட்டார். ஒபாலி மக்கள் டப்ளினிலுள்ள குரோக் பார்க் ஆடுகளத்தில் அமர்ந்து, எழ மறுத்தனர். மூன்றாம் முறை ஆட ஆணையாயிற்று. தேர்லஸில் ஒபாலி வென்றது. இறுதியாட்டத்தில் தன்னை முன்னர் வீழ்த்திய கில்கெனியையும் வென்று பட்டத்தைப் பெற்றது. தோற்றவனும் சிறந்தவனாயிருக்கலாம் என்பதை அவ்வாண்டு மெய்ப்பித்தது.

அதன்பின் சீர்திருத்தங்கள் ஒன்றையொன்று தொடர்ந்தன. 2005இல் வலிமை குறைந்த மாவட்டங்களுக்கெனக் கிறிஸ்டி ரிங் கிண்ணமும் நிக்கி ரக்கார்ட் கிண்ணமும், 2009இல் லோரி மாகர் கிண்ணமும் ஏற்படுத்தப்பட்டன. பெரிய அணிகளிடம் ஆண்டுதோறும் ஐம்பது புள்ளி வேறுபாட்டில் தோற்பதைவிட, தமக்கு நிகரானவரோடு ஆடி வளர்வது மேல் என்பது இவற்றின் நோக்கம். 2009இலேயே கால்வேயும் லெயின்ஸ்டரில் சேர்க்கப்பட்டது. 2012இல் அது லெயின்ஸ்டர் பட்டத்தையும், 2017இல் அகில அயர்லாந்துப் பட்டத்தையும் வென்றது.

2018ஆம் ஆண்டின் மாற்றமே அனைத்திலும் பெரிது. மன்ஸ்டரிலும் லெயின்ஸ்டரிலும் ஐந்தைந்து அணிகள் ஒன்றோடொன்று ஆடும் சுற்றுமுறை வகுக்கப்பட்டது. முன்னர் ஐந்து அணிகளுள் ஒருவரைத் தெரிய நான்கு ஆட்டங்கள் போதும். அவ்வாண்டின் புதிய முறைக்குப் பத்து ஆட்டங்களும், அதன்மேல் ஓர் இறுதியாட்டமும் வேண்டியிருந்தன. ஒவ்வோர் அணிக்கும் நான்கு ஆட்டங்கள் உறுதியாயின. அவற்றுள் இரண்டு சொந்த மண்ணில். முதல் மூன்று இடத்தவர் முன்னேறுவர். இரண்டாம் படியாக ஜோ மக்டொனா கிண்ணம் நிறுவப்பட்டு, அதன் இறுதியாட்ட அணிகள் இரண்டும் பெரியோர் களத்தில் ஓர் ஆட்டம் ஆட இடமளிக்கப்பட்டது.

பயன் உடனே தெரிந்தது. மன்ஸ்டரில் மூன்றாம் இடம் பெற்ற லிமெரிக், 45 ஆண்டுக் காத்திருப்பின் பின் அதே 2018இல் பட்டம் சூடியது. 2019இல் ஜோ மக்டொனா கிண்ணத்தை வென்ற லீஷ், ஒரு வாரத்தில் டப்ளினை வீழ்த்தி நாட்டையே வியக்க வைத்தது. 2025இல் மன்ஸ்டரில் மூன்றாவதாய் நின்ற டிப்பரேரி, இறுதியாட்டத்தில் கோர்க்கை வென்றது.

குறைகளும் உடன் பிறந்தன. 2019இல் லெயின்ஸ்டரில் நான்கு அணிகள் ஐந்து ஐந்து புள்ளியோடு சமமாய் நின்றபோது, கணக்கு வேறுபாட்டால் கால்வே வெளியேறியது. வாட்டர்போர்ட் மாவட்டமோ, பெருந்தொற்றின் காரணமாகச் சுற்றுமுறை நடைபெறாத 2020இல் இறுதியாட்டம் வரை வந்தது. ஆயினும் 2018 முதல் 2025 வரை நடந்த சுற்றுமுறைகளில் ஒருமுறையேனும் மன்ஸ்டரைக் கடக்கவில்லை. மேலும், 2018இல் லெயின்ஸ்டரில் கடைசியாய் நின்ற ஒபாலி இரண்டாம் படிக்கு இறங்க, மன்ஸ்டரில் கடைசியாய் நின்ற வாட்டர்போர்ட் இறங்கவில்லை. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று சிலர் குமுறியதில் வியப்பில்லை.

அந்த ஒபாலியின் கதையே இச்சீர்திருத்தத்தின் உண்மைச் சோதனை. 1998இல் நாட்டின் தலைமை அணி. 2018இல் இரண்டாம் படி. 2019இல் மேலும் வழுக்கி மூன்றாம் படி. இருபத்தோராண்டில் அரியணையிலிருந்து அடித்தளம்! பழைய முறையாயின், அது ஆண்டுக்கு ஓர் ஆட்டம் தோற்று மெல்ல மறக்கப்பட்டிருக்கும். புதிய முறையில் ஏணியின் படிகள் தெளிவாக இருந்தன. 2021இல் ஒபாலி கிறிஸ்டி ரிங் கிண்ணத்தை வென்றது. 2024இல் ஜோ மக்டொனா கிண்ணத்தை வென்றது. 2025இல் லெயின்ஸ்டரின் முதல் வரிசையில் மீண்டும் ஆடி, அங்கேயே நிலைத்தது.

2025ஆம் ஆண்டு முடிவில் கில்கெனி 36, கோர்க் 30, டிப்பரேரி 29 எனப் பட்டங்கள் மூன்று மாவட்டங்களிடையே குவிந்து கிடந்தன. எந்த விதியும் இக்குவியலை ஒரு நாளில் கலைத்துவிடாது. ஒரு போட்டி முறை நன்றா, தீதா என்பதை வென்றவன் முகத்தைக் கண்டு அறிதல் இயலாது. தோற்ற மாவட்டத்துச் சிறுவன் மறுநாட் காலையில் மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகிறானா என்று பார்த்தல் வேண்டும். அவன் போகும் வரையில் அயர்லாந்தில் ஹேர்லிங் வாழும்.