பஞ்சுத்தூசு நோயும் திங்கட்கிழமையும்

திருப்பூர் வாரக்கூலி ஊர். சனிக்கிழமை மாலை கணக்கு முடித்துக் கூலி பெறுதலும், ஞாயிற்றுக்கிழமை ஓய்தலும், திங்கட்கிழமை காலை மீண்டும் எந்திரத்தின்முன் நிற்றலும் அவ்வூர்ப் பனியன் தொழிலாளரிடையே நெடுநாள் வழக்கு. பஞ்சோடு பழகுவார்க்கு வரும் மூச்சு நோய் ஒன்று இத்தகைய வார ஒழுங்கைத் தழுவியே தோன்றுவது. மேனாட்டார் அதனைப் பிசினோசிஸ் என்பர். பஞ்சுத்தூசு நோய் என்று நாம் வழங்கலாம். அந்நோய் எவ்வாறு அறியப்பட்டது, அறியப்பட்ட பின்னும் ஏன் மறக்கப்பட்டது என்பதை ஈண்டு ஆராய்வோம். மருத்துவர்க்குரிய இப்பொருளில் தமிழ் பயில்வார்க்கு என்ன வேலை என்று ஐயுறுவோர்க்கு விடை கட்டுரையின் பிற்பகுதியில் கிடைக்கும்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் 948-ஆம் குறள் நோயையும் அதன் காரணத்தையும் ஆராயுமாறு பணிப்பதை யாவரும் அறிவர். அடுத்த குறள் அத்துணை எடுத்தாளப்படுவதில்லை. நோயுற்றவன் நிலை, நோயின் அளவு என்னும் இரண்டோடு காலத்தையும் மருத்துவன் கருதவேண்டும் என்பது அதன் பொருள். பஞ்சுத்தூசு நோயின் தொடக்க நிலையைக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் அக்காலம் ஒன்றே.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் வினாக்களோடு, அவர் செய்யும் தொழில் யாது என்பதையும் கேட்கவேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். ஆளி, சணப்பு முதலிய நார்களைச் சிக்கெடுப்போர் தூசினால் இருமலுற்று இரைப்பதையும் அவர் எழுதியுள்ளார். நூற்பாலைகள் பெருகிய பின், 1831-இல், மாஞ்செஸ்டரில் ஜேம்ஸ் கே என்னும் மருத்துவர் நூற்பாளரின் நுரையீரல் நோயை விளக்கினார். ஆயினும் இந்நோயின் தனித்தன்மையை முதலில் ஏட்டில் ஏற்றிய பெருமை பெல்ஜியத்துக் கெண்ட் நகரில் ஆய்ந்த மரேஸ்கா, ஹெய்மன் என்னும் இருவரையே சாரும். வாரக் கடைசியைவிடத் திங்களிலும் செவ்வாயிலும் தூசு மிகுதியாக வருத்துகிறது என்று அந்நகர்ப் பருத்தி ஆலைத் தொழிலாளர் கூறியதை அவர்கள் 1845-இல் பதிந்தனர். கண்டவர் தொழிலாளர்; எழுதியவரே மருத்துவர்.

நோய்க்குப் பெயர் பின்னரே வந்தது. மெல்லிய ஆடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பிசினோசிஸ் என்ற பெயரைப் பிரெஞ்சு மருத்துவர் அட்ரியன் புரூஸ்ட் 1877-இல் ஆண்டார். வாழ்நாளெல்லாம் இரைப்பு நோயால் வருந்திய நாவலாசிரியர் மார்சேல் புரூஸ்ட் அவர் மகன். பெயர் கிடைத்தும் நோய் கண்ணிற்படவில்லை. இங்கிலாந்தில் 1941-இல் இழப்பீட்டுத் திட்டம் வந்தபோது முற்றும் செயலிழந்தோரே அதன் பயனைப் பெற்றனர். அதன் பின்னரும், காற்றோட்டம் திருந்தியமையால் இந்நோய் ஒழிந்தது என்றே பலரும் நம்பினர். 1950-களில் ரிச்சர்ட் ஷில்லிங் லங்காஷயர் ஆலைகளில் ஒழுங்குபட்ட வினாக்களைக் கொண்டு ஆராய்ந்து அந்நம்பிக்கையைத் தகர்த்தார். வார வேலையின் முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுகுவது முதற்படி. பிற நாட்களிலும் இறுகுவது அடுத்த படி. ஓய்ந்தாலும் மூச்சுத்திறன் மீளாமை இறுதிப்படி. இப்பகுப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

நோய் விளையும் முறை பின்னர்த் தெளிவாயிற்று. பருத்தியின் தூய இழையைவிட, அதனோடு கலந்து வரும் இலைத்துகளும் காயைச் சூழ்ந்த பூவடிச் செதிலின் பொடியுமே பெரிதும் தீங்கு செய்வன. அவற்றில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள எண்டோடாக்சின் என்னும் நஞ்சு மூச்சுக்குழலில் அழற்சியை எழுப்பிக் குழலைச் சுருக்குகிறது. நாள்தோறும் தூசில் நிற்கும் உடல் அதற்கு ஓரளவு பழகிவிடும். ஓய்வு நாளில் அப்பழக்கம் தளரும். ஆதலின் மறுநாள் மூச்சு முட்டுகிறது. கல்தூசால் வரும் சிலிகோசிஸ் எக்ஸ்ரேயில் நிழல்களாகத் தெரியும். பஞ்சுத்தூசு நோய்க்கு அத்தகைய தனி அடையாளம் எக்ஸ்ரேயில் இல்லை. ஓய்வுக்குப் பின்வரும் முதல் நாள் வேலைக்கு முன்னும் பின்னும், ஒரு நொடியில் விசையோடு வெளிவிடும் காற்றை ஸ்பைரோமீட்டரால் அளந்து ஒப்பிடலாம். எனினும் யாரை அளப்பது என்பதைத் தொழிலாளியின் வாய்மொழியே முடிவு செய்கிறது. கேளாத இடத்தில் இந்நோய் இல்லை என்றே கணக்கு எழுதப்படும். அகமதாபாத்து ஆலைகளில் கேட்டு ஆராய்ந்தவர்கள், பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதியில் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு இந்நோய் இருத்தலை 1989-இல் வெளியிட்டனர்.

இனித் திருப்பூருக்கு வருவோம். கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையும், 1930-களில் பைகாரா மின்சாரத்தால் பெருகிய ஆலைகளும், 1920-களில் திருப்பூரில் வேரூன்றிய பனியன் தொழிலும் ஒரே பருத்தியை நம்பியவை. ஆயினும் எல்லா இடத்தும் தூசு ஒன்றன்று. பனியன் பின்னும் எந்திரத்துக்கு வருவது சீவித் தூய்மை செய்த நூல். அங்குப் பறப்பது பெரும்பாலும் இழைப் பொடி. இந்நோயின் இயற்கையிடம் பேல் பிரிக்கும் புளோரூமும் கார்டிங்குமே. ஆகவே, பனியன் கம்பெனியில் இருமுவார் அனைவர்க்கும் இந்நோயைச் சுமத்துதல் பிழை. கழிவுப்பஞ்சையும் வெட்டுத்துணியையும் மீண்டும் உதறி நூலாக்கும் பல்லடம், வெள்ளகோவில் பக்கத்து ஆலைகளையே முதலில் நோக்கவேண்டும் என்பது எம் கருத்து.

1948-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் பிசினோசிஸ் இடம்பெற்றது. ஆனால், அதன்வழி உரிமை கோருவார் குறித்த காலம் அத்தொழிலில் தொடர்ந்திருந்தமையைக் காட்டவேண்டியிருந்தது. ஆலை மாறி மாறி உழைப்பார்க்கு அது எளிதன்று. அவர்தம் நோய் ஆஸ்துமா என்றோ, புகைப்பழக்கத்தின் விளைவு என்றோ, காசநோய் ஐயம் என்றோ சீட்டில் எழுதப்பட்டு முடியும்.

இவ்விடத்தேதான் தமிழ் குறுக்கிடுகிறது. ஷில்லிங்கின் வினாவை ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், வாரத்தின் முதல் நாளில் நெஞ்சடைப்பு வருகிறதா என்று அமையும். இதில் இரு பிழைகள் உள. நெஞ்சடைப்பு என்றதும் கேட்பவர் மாரடைப்பையே நினைப்பார்; நினைத்து, இல்லை என்பார். மூச்சுப்பிடிப்பு என்று மாற்றினும் பயனில்லை. அச்சொல் விலாவிலோ முதுகிலோ தசை பிடித்துக்கொள்ளும் வலியை உணர்த்துவது. சித்த மருத்துவ நூல்களில் ஆளப்படும் இரைப்பு என்பது முற்றிய நிலைக்கே பொருந்தும். தொடக்க நிலையின் இறுக்கத்தை அது சுட்டாது. இறுக்கம், மூச்சு முட்டுதல் என்னும் எளிய வழக்குகளே ஓரளவு அணுக்கமானவை.

இரண்டாம் பிழை இன்னும் பெரிது. தமிழர் கணக்கில் வாரம் ஞாயிற்றில் தொடங்குவது. அதுவோ ஓய்வு நாள். இரவு பகலாக ஓடும் நூற்பாலைகளிலோ ஓய்வு நாள் ஆளுக்கு ஆள் முறைமாறி வரும். ஒருவருக்குச் செவ்வாய், மற்றொருவருக்கு வெள்ளி. அவ்வாறாயின் லங்காஷயரின் திங்கட்கிழமை இங்கே ஒருவர்க்குப் புதனாகவும் ஒருவர்க்குச் சனியாகவும் சிதறிக் கிடக்கிறது. கிழமையைக் கேட்டால் நோய் மறைந்துவிடும். ஓய்வைக் கேட்டால் வெளிப்படும். ஆதலின் கொங்கு வட்டாரத்தில் இவ்வினாவை அவ்வூர்ப் பேச்சிலேயே இவ்வாறு அமைக்கலாம்: “லீவு முடிஞ்சு மில்லுக்குள்ள வந்த அன்னைக்கு நெஞ்சு இறுக்கமா, மூச்சு முட்டற மாதிரி இருக்குதுங்களா? அடுத்தடுத்த நாள்ல அது கொறையுதுங்களா?”