முடிவில்லாத குமிழ்

சென்ற ஆண்டு அமெரிக்கா போயிருந்தபோது, கலிபோர்னியாவில் என் பள்ளித் தோழன் வீட்டில் பத்து நாள் தங்கினேன். கார் நிறுத்தும் கொட்டகையில் அவன் ஆள் உயரத்துக்கு ஒரு மரப் பெட்டி செய்துகொண்டிருந்தான். உள்ளே ஒரு கம்ப்யூட்டர். முகத்தில் ஒரு திரை. இடுப்பு உயரத்தில் ஒரு பலகை. காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ விளையாட்டு இயந்திரத்தைத் தானே கட்டுகிறானாம். பலகையில் ஒரு துவாரம் மட்டும் காலியாக இருந்தது. பக்கத்து மேஜைமேல் மூன்று குமிழ்கள்.

"இந்த மூன்றில் எதைப் பொருத்துவது? பதினைந்து நாளாகத் தூக்கமில்லையடா" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கையால் திருகுகிற ஒரு குமிழுக்கா இத்தனை விசாரம்? ஆனால் அவன் சொன்னதைக் கேட்ட பிறகு, அந்தக் குமிழுக்குள் அரை நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கியிருப்பது தெரிந்தது.

கதை 1972-ல் தொடங்குகிறது. அதே கலிபோர்னியாவில் ஸன்னிவேல் என்னும் ஊரில் ஒரு மதுக்கடை. அட்டாரி கம்பெனியின் நோலன் புஷ்னெல், தம்மிடம் வேலைக்குச் சேர்ந்திருந்த ஆலன் ஆல்கார்னைக் கொண்டு செய்வித்த 'பாங்' என்ற இயந்திரத்தை அங்கே வைத்தார்கள். திரையில் ஒரு புள்ளி, அதுதான் பந்து. இரு பக்கமும் இரண்டு கோடுகள், அவைதாம் மட்டைகள். சில நாளில் இயந்திரம் நின்றுவிட்டது. ஆல்கார்ன் வந்து திறந்து பார்த்தார். வேறு கோளாறு ஒன்றுமில்லை. காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது!

அந்த மட்டையை நகர்த்தியது, ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அதே வகைக் குமிழ்தான். இந்தப் பக்கம் ஓர் எல்லை. அந்தப் பக்கம் ஓர் எல்லை. குமிழ் எங்கே நிற்கிறதோ, மட்டையும் அங்கே நிற்கும். 1976-ல் செங்கல் வரிசையைப் பந்தால் உடைக்கும் 'பிரேக்அவுட்' வந்தபோதும் அதே குமிழ்தான்.

1981-ல் அதே அட்டாரியில் டேவ் தியூரர் என்பவர் 'டெம்பெஸ்ட்' என்ற விளையாட்டைச் செய்தார். பூமியில் ஒரு குழியிலிருந்து பூதங்கள் ஏறி வருவதாக அவர் கண்ட கெட்ட கனவே அதற்கு மூலம். ஆட்டக்காரன் ஆழமான குழாயின் விளிம்பில் நின்று, கீழிருந்து ஏறி வருகிறவற்றைச் சுட வேண்டும். முதலில் தியூரர் குழாயையே சுழலவிட்டார்; ஆடியவர்களுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆகவே குழாயை நிறுத்தி, ஆட்டக்காரனை விளிம்பில் சுற்றவிட்டார். வட்டத்துக்கு முடிவேது? எல்லையுள்ள குமிழ் அங்கே உதவாது. கிணற்று ராட்டினம்போல் இரு பக்கமும் ஓயாமல் சுழலும் குமிழ் வேண்டும். அதற்குத்தான் ஸ்பின்னர் என்று பெயர்.

குமிழின் அடியில் பல் வெட்டிய ஒரு தட்டு. டெம்பெஸ்டில் 72 பற்கள். இரண்டு ஒளிக் கண்கள் அந்தப் பற்களைக் கவனிக்கின்றன. எந்தக் கண் முதலில் மறைகிறது என்பதைக் கொண்டு வலமா இடமா என்று இயந்திரம் அறிகிறது. எத்தனை முறை மறைகிறது என்பதைக் கொண்டு எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிறது. 1986-ல் ஜப்பானின் டைட்டோ கம்பெனி 'அர்க்கனாய்ட்' என்று பிரேக்அவுட்டுக்கு ஒரு வாரிசைக் கொண்டுவந்தது. அதிலும் ஸ்பின்னர்தான். ஆனால் அங்கே மட்டை மயிரிழை நகர வேண்டும். ஆகவே விரலின் சிறு அசைவையும் பெரிதாக எண்ணும்படி அதை அமைத்தார்கள்.

1997-ல் இத்தாலியரான நிகோலா சல்மோரியா 'மேம்' என்ற புரோகிராமை வெளியிட்டார். பழைய விளையாட்டுகள் அதன் தயவில் இன்றைய கம்ப்யூட்டரில் உயிரோடு நடமாடுகின்றன. திரை வந்தது, சத்தம் வந்தது. கைக்குப் பிடி கிடைக்கவில்லை. அதைத்தான் என் நண்பன் தேடிக்கொண்டிருந்தான்.

முதல் குமிழ், பழைய மவுஸ் ஒன்றின் உறுப்புகளை வைத்து அவனே செய்தது. வேகமாகச் சுழற்றினால் திரையில் எதிர்ப்பக்கம் ஓடியது. சினிமாவில் வண்டி முன்னால் போக, சக்கரம் பின்னால் சுழல்வதாகத் தோன்றுமே, அதே கதை. கண்ணின் எண்ணிக்கை தப்பிவிடுகிறது. இரண்டாவது, கடையில் வாங்கியது. நுட்பமானது, லேசானது, கையை எடுத்தவுடன் நின்றது. மூன்றாவதில் கனமான ஓர் உருளை. ஒரு தட்டுத் தட்டினால் தானே சுழன்றுகொண்டிருந்தது.

அவன் மூன்றாவதன்மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"1982-ல் அப்பா போய்விட்டார் என்று தந்தி வந்தது. அப்போது நான் இங்கே மாணவன். விமானச் சீட்டுக்குப் பணமில்லை. அன்றைக்கு என் கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது. கடை மூடும்வரை டெம்பெஸ்ட் முன்னால் நின்றேன். ஆட்டம் ஞாபகமில்லை, குமிழ் ஞாபகமிருக்கிறது."

சற்று நேரம் கழித்து, "இதுதான் அசலின் கனமா?" என்று கேட்டேன்.

"பல்லை எண்ணிப் பார்த்துவிடலாம். கனத்துக்கு இந்தக் கைதான் சாட்சி. நாற்பது வருஷத்தில் கையும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கும்" என்றான்.

கல்வெட்டில் எழுத்து நிற்கிறது. செதுக்கியவன் கையில் இருந்த உளியின் கனத்தை எந்தக் கல்லும் சொல்வதில்லை. கண் பார்த்ததைச் சரித்திரம் பத்திரப்படுத்தி வைக்கிறது. கை உணர்ந்ததோ கையோடு போய்விடுகிறது.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் அவன் கனமான குமிழைப் பொருத்தினான். பிறகு துளைக் கருவியை எடுத்துப் பலகையில் இன்னொரு துவாரம் போட்டான்.

"இது எதற்கு?"

"பேத்திக்கு அர்க்கனாய்ட்தான் பிடிக்கிறது. அவள் கைக்கு அந்த லேசான குமிழ்தான் சரி" என்றான்.