தண்ணியில மக்காத மரமும், படகுல மக்கின பலகையும்

காஞ்சிபுரத்துல உட்கார்ந்துகிட்டு படகைப் பத்தி எழுதறேன்னு சிரிக்காதீங்க. பாலாத்துல தண்ணி வந்தா பாலத்து மேல நின்னு வேடிக்கை பார்க்கிற ஊர்தான் இது. ஆனாலும் மேட்டர் இருக்கு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

பள்ளிக்கூடத்துல இருந்து பழக்கமான நண்பன் ஒருத்தன், பழைய ஃபைபர் படகு ஒண்ணை மலிவா வாங்கி லாரியில ஏத்தி வீட்டுக்குப் பின்னால இறக்கி வெச்சிருந்தான். பதினாறு அடி நீளம். கோவளம் பக்கம் காயல்ல விட்டு, லீவுக்கு வர்ற பேரப் பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு ஆசை. நான் பார்க்கப் போன அன்னிக்கு ஏறி நடுவுல நின்னான். மடக்குன்னு ஒரு சத்தம். வலது கால் முட்டி வரைக்கும் தரைக்குள்ள போயிடுச்சு. நல்லவேளை, படகு செங்கல் மேல நின்னுது, தண்ணி மேல இல்லை.

"என்னடா, இப்படி மக்கிப் போயிருக்கு?"ன்னேன்.

"தண்ணியிலேயே கெடந்த மரம் மக்காம என்னடா செய்யும்?"னு சொல்லிக்கிட்டே காலை உருவினான்.

நானும் தலையாட்டிட்டு, "மேல நல்லதா ஒரு பிளைவுட் போட்டு மூடிடு, ஒரு நாள் வேலை"ன்னு இலவச ஆலோசனை வேற குடுத்துட்டு வந்துட்டேன். ராத்திரி படுக்கும்போதுதான் உறைச்சுது. தண்ணியில கெடந்தா மரம் மக்கும்னா, நம்ம அத்தி வரதர்?

*

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துல, நீராழி மண்டபத்துக்கு அடியில, அத்தி மரத்துல செஞ்ச பெருமாள் தண்ணிக்குள்ள இருக்கார். நாப்பது வருஷத்துக்கு ஒரு தடவை வெளியில எடுப்பாங்க. 1979-ல எடுத்தாங்க. அடுத்து 2019 ஜூலை 1-லேர்ந்து ஆகஸ்ட் 17 வரைக்கும், மொத்தம் 48 நாள். முதல்ல சயன கோலம், ஆகஸ்ட் மாசம் பொறந்ததும் நின்ன கோலம். அந்த 48 நாளும் ஊரு பட்ட பாடு இங்க இருந்தவங்களுக்குத் தெரியும். மறுபடி 2059-லதான்.

பக்தி விஷயத்துல நான் கை வைக்கலை. மரத்தை மட்டும் பார்ப்போம். பிரிட்டிஷ்காரங்க காலத்துக் காட்டிலாகா புத்தகங்கள்ல அத்தி மரத்தைப் பத்தி சுவாரசியமான ஒரு குறிப்பு உண்டு. வெளியில வெச்சா இந்த மரம் நிலைக்காது. தண்ணிக்குள்ள இருந்தா அதைவிட நல்லாத் தாங்கும். அதனாலதான் கிணத்துக்கு அடியில வைக்கிற சட்டத்துக்கு அத்தியைப் பயன்படுத்தினாங்களாம். அதாவது இந்த சூட்சுமம் கிணறு வெட்டினவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

காரணம் இதுதான். மரத்தை மக்க வைக்கிறது தண்ணி இல்லை, பூஞ்சை. பூஞ்சைக்கு ஈரமும் வேணும், காத்தும் வேணும். காஞ்ச மரத்துல ஈரம் இல்லை, அதனால மக்காது. முழுசா முங்கின மரத்துல காத்துக்கு இடமில்லை, அதனால அதுவும் லேசுல மக்காது. பாக்டீரியா ரொம்ப மெதுவா அரிக்கும், அவ்வளவுதான். வெனிஸ் நகரத்துக் கட்டடங்கள் பல நூறு வருஷமா சேத்துல அடிச்ச மர முளைகள் மேலதான் நிக்குது. ஆபத்தெல்லாம் இந்த ரெண்டுக்கும் நடுவுல, பாதி ஈரம் பாதி காத்துன்னு இருக்கிற இடத்துலதான்.

இது எனக்குப் புதுசா தெரிஞ்சிருக்கவே கூடாது. எங்க வீட்டுல குழித்தறி இருந்துச்சு. ஐப்பசி கார்த்திகை மழையில தறிக்குழியில தண்ணி ஊறி வேலை நின்னுடும். தறியைத் தாங்கற கால்மரம் மேல நல்லா இருக்கும். தோண்டிப் பார்த்தா மண்ணுக்குள்ள ஆழத்துல இருக்கறதும் ஓரளவு கெட்டியா இருக்கும். மண்ணும் காத்தும் சேர்ற அந்த நாலு விரக்கடைதான் பொடிப்பொடியா உதிரும். வேலிக்கால் நட்ட எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. படகுன்னதும் எனக்கு மறந்து போச்சு.

*

எனக்கு மட்டுமில்லை, உலகத்தையே ஆண்ட கப்பல் படைக்கும் இது புரியாம இருந்திருக்கு. பிரிட்டன் 1810-ல 'குயின் ஷார்லட்'னு ஒரு பெரிய போர்க்கப்பலைத் தண்ணியில இறக்கினாங்க. கடலுக்குப் போறதுக்கு முன்னாடியே உள்ளே மரம் மக்கிப் போச்சு! சண்டைக் காலத்து அவசரத்துல பச்சை மரத்தை வெச்சுக் கட்டினது, காத்தோட்டம் இல்லாம மூடினது, ரெண்டும் சேர்ந்த வினை. ஜேம்ஸ் சவர்பினு தாவரங்களையும் காளான்களையும் படம் வரையறவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாங்க. கப்பலுக்குள்ள விதவிதமா காளான்!

அப்பவும் பலபேர், மரம் தானா கெடுது, கெட்டதுக்கு அப்புறம் காளான் வந்து உட்காருதுன்னு நினைச்சாங்க. காளான்தான் மரத்தைத் தின்னுதுன்னு ஜெர்மனியில ராபர்ட் ஹார்டிக் 1870-கள்ல விளக்கிக் காட்டின பிறகுதான் கதை தலைகீழாச்சு.

கப்பல் கட்டற தச்சர்கள் விஞ்ஞானிக்குக் காத்திருக்கலை. 19-ம் நூற்றாண்டுல அமெரிக்காவுல கப்பலோட சட்டங்களுக்கு நடுவுல உப்பைக் கொட்டி அடைச்சாங்க. உப்பு ஏறின மரத்துல பூஞ்சை வளராது. ஊறுகாய் மாதிரின்னு வெச்சுக்குங்களேன். மரப்படகுக்குக் கடல் தண்ணியை விட மேலேர்ந்து பெய்யற மழைத்தண்ணிதான் எமன். (கடல்ல மரத்தைத் துளைக்கிற கப்பல் புழு தனிக் கதை.)

நம்ம பக்கம் தேக்கு இருந்துச்சு. பம்பாயில வாடியா குடும்பத்துத் தச்சர்கள் மலபார் தேக்குல கட்டின கப்பல் ஒண்ணு 1817-ல தண்ணியில இறங்கிச்சு. பேரு 'டிரிங்கோமலி', நம்ம திருகோணமலைதாங்க! இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ல இன்னிக்கும் மிதக்குது. இடையில எத்தனையோ பலகை மாத்தியிருப்பாங்க, அது வேற. மாத்த முடிஞ்சதாலதான் மிதக்குது.

சென்னையில துறைமுகம் வர்றதுக்கு முன்னாடி கப்பல்லேர்ந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டு வந்த மசூலாப் படகும் அப்படித்தான். ஆணி கிடையாது. பலகையைப் பலகையோட கயித்துக் கயிறு, அதாவது தேங்காய்நார்க் கயிறு, போட்டுத் தைச்சிருப்பாங்க. அலையில மோதினா வளைஞ்சு குடுக்கும், உடையாது. பலகை கெட்டா தையலைப் பிரிச்சு வேற வெச்சுத் தைக்கலாம். எந்தப் பலகை எப்படி இருக்குன்னு வெளிப்படையாத் தெரியும். கோயில் தெப்பமும் அதே மாதிரிதான். திருவிழாவுக்குக் கட்டுவாங்க, முடிஞ்சதும் பிரிச்சுக் காய வைப்பாங்க.

*

அப்புறம் ஃபைபர் வந்துச்சு. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்காவுல உல்லாசப் படகெல்லாம் ஃபைபர்ல வர ஆரம்பிச்சுது. மக்காத படகுன்னு பேரு. ஆனா மேல்தோல்தான் ஃபைபர். உள்ளே தரை பிளைவுட். அதைத் தாங்க நீளவாக்குல மரச்சட்டம், சுத்தி ஃபைபர் உறை. 1971-ல அங்க படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. சின்னப் படகு கவிழ்ந்தாலும் முழுகாம மிதக்கணும்னு விதிகள் வரவும், தரைக்கு அடியில ஃபோம் அடைக்கறது பரவலாச்சு. உயிரைக் காப்பாத்த வந்த ஃபோம்தான் பலகைக்கு எமனாயிடுச்சு. நாற்காலி முடுக்கின திருகாணி ஓட்டை வழியா மழைத்தண்ணி இறங்கும். ஃபோம் அதைப் பஞ்சு மாதிரி பிடிச்சு வெச்சுக்கும். பாதி ஈரம், பாதி காத்து, மேல கார்ப்பெட் மூடி. பூஞ்சைக்கு இதைவிட என்ன வேணும்?

2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கடற்கரையில கட்டுமரத்துக்குப் பதிலா ஃபைபர் படகு குவிஞ்சது உங்களுக்கே தெரியும். மரம் கெட்டாத் தட்டிப் பார்த்துச் சொல்ற வித்தை அந்தப் பளபளப்புக்கு அடியில மறைஞ்சு போச்சு.

*

மறுநாள் காலையிலேயே நண்பன் வீட்டுக்கு ஓடினேன். பிளைவுட் வாங்கக் கிளம்பிக்கிட்டிருந்தான். கோயில் தேர் வேலை எல்லாம் பார்த்த வயசான ஆசாரி ஒருத்தரையும் கூட்டிக்கிட்டு வந்திருந்தான். அவர் சுத்தியலைத் திருப்பிப் பிடிச்சு, காதை வெச்சுக்கிட்டு, ஒரு ஓரத்துலேர்ந்து தட்டிக்கிட்டே வந்தார். டங், டங், டங்... தொப். மறுபடி தொப்.

"தம்பி, இது மேல மட்டும் இல்லை. பிரிச்சுத்தான் பார்க்கணும்"னார்.

கார்ப்பெட்டைக் கிழிச்சு, பலகையைப் பேத்தா, அடியில இன்னொரு தரை! முன்னாடி வெச்சிருந்த யாரோ, நேத்து நான் சொன்ன அதே வேலையைச் செஞ்சிருக்காங்க. மக்கின தரை மேலயே புதுப் பலகை போட்டு மூடியாச்சு. கீழ் மரத்துல இருந்த பூஞ்சை மேல் மரத்துக்கும் ஏறிடுச்சு. அதுக்கும் அடியில ஃபோம், பிழிஞ்சா பக்கெட் பக்கெட்டா தண்ணி. நெடுக்குச் சட்டத்தோட ஃபைபர் உறையைக் கீறினா உள்ளே மரமே இல்லை, புகையிலைத் தூள் மாதிரி ஏதோ இருந்துச்சு.

அந்தச் சட்டம்தான் படகோட முதுகெலும்பு. மோட்டார் போட்டு அலையில தட்டும்போது அடிப்பாகம் வளையாம பிடிக்கிறது அதுதான். நான் சொன்னபடி மூடியிருந்தா பார்வைக்குப் புதுசா இருந்திருக்கும். அந்தப் புதுத் தரை மேல நாலு பசங்க உட்கார்ந்திருப்பாங்க. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கலை.

வேலை ஒரு நாள்ல முடியலை, ரெண்டு மாசம் ஆச்சு. ஓரத்துல ஒரு அங்குலம் விட்டுத் தரையை அறுத்தெடுத்தோம். ஃபோமைச் சுரண்டி எறிஞ்சோம். வெறும் கூட்டைக் கத்திரி வெயில்ல மூணு வாரம் காய விட்டோம். காஞ்சிபுரம் வெயிலுக்கு முதல் தடவையா நன்றி சொன்னேன் :-) புதுச் சட்டம் வெச்சு ஃபைபர் சுத்தினோம். தரைக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட். கவனிங்க, மரைன் பிளைவுட்ல பிசின்தான் கொதிதண்ணியைத் தாங்கும். மரத்துக்கு மருந்து ஏத்தியிருந்தாலும் அறுத்த ஓரம் தண்ணி குடிக்கத்தான் செய்யும். அதனால ஓரம், அடிப்பக்கம், ஒவ்வொரு திருகாணி ஓட்டை எல்லாத்துலயும் எபாக்சி பூசினோம். ஃபோமுக்குப் பதிலா தண்ணி உறிஞ்சாத ரகத்துல அட்டை அட்டையா வெச்சோம். கடைசியா ஆசாரி சொல்லி, தரையில ரெண்டு இடத்துல திறந்து பார்க்கிற மூடியும், பின்பக்கம் தண்ணி வடியற வழியும். கார்ப்பெட் கிடையவே கிடையாது.

படகு வாங்கின காசை விட ரிப்பேருக்கு அதிகமா ஆச்சு. நண்பனோட சம்சாரம் என்னைப் பார்த்தா இன்னும் காப்பி குடுக்கறதில்லை.

போன மாசம் பசங்களை லைஃப் ஜாக்கெட்டோட ஏத்திக்கிட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி, நண்பன் அந்த மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தான். காஞ்சிருந்தது. பேரன் தரையில கிடந்த சுத்தியலை எடுத்து, டங் டங்னு தட்டிக்கிட்டே முன்பக்கம் போனான். வழி நெடுக டங்தான்.

உங்க வீட்டுலயும் கதவு நிலை, மாடிப் பரண், மூடியே கிடக்கிற மர அலமாரினு ஏதாவது இருந்தா, மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்தியலை எடுத்துத் தட்டிப் பாருங்க. தொப்னு கேட்டா, தயவுசெஞ்சு மேல பலகை போட்டுடாதீங்க.