லினக்ஸ் முனையத்தில் கட்டளை இயங்காமை

லினக்ஸ் முனையத்தில் தட்டிய கட்டளை, வேலையைத் தொடங்காமலே பிழைச்செய்தியோடு நின்றுவிடும் நிலை இது. கண்டிப் பகுதியில் இதை விளக்க ஹந்தானை லினக்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே உயரும் மலைத்தொடரின் பெயரில் 2009இல் வெளிவந்த இந்த இலங்கை இயங்குதளம், ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டது. தொடக்கநிலை வழிகாட்டிகளில் பலவோ உபுண்டுவுக்கு எழுதப்பட்டவை. பல்லேகலயில் ஒரு மாணவர் அவற்றிலுள்ள, மென்பொருள் நிறுவும் ‘ஏப்ட்’ கட்டளையை ஹந்தானையில் தட்டினால், கட்டளை காணப்படவில்லை என்றே வரும். கணினியில் பழுது ஏதுமில்லை. ஃபெடோரா குடும்பத்தில் மென்பொருள் நிறுவும் வேலை முன்பு ‘யம்’முடையது, 2015இல் வந்த ஃபெடோரா 22 முதல் ‘டிஎன்எஃப்’புடையது.

பிழைச்செய்தியை முழுமையாக வாசிப்பதே பாதித் தீர்வு. ‘பாத்’ மாறியில் உள்ள கோப்புறைகளை, கட்டளைகளை வாசித்து இயக்கும் ஷெல் வரிசையாகத் தேடி, எதிலும் கட்டளை கிடைக்காவிட்டால் 127 என்ற வெளியேற்ற எண்ணைத் தரும். நாம் நிற்கும் கோப்புறை வழக்கமாக அந்தப் பட்டியலில் இராது. பொதுக் கோப்புறையில் யாரோ போட்டுவைத்த போலிக் கட்டளை தவறுதலாக ஓடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே அங்குள்ள கோப்பை இயக்க, அதன் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் இட வேண்டும்.

கோப்பு கிடைத்தும் இயக்க அனுமதி இல்லையென்றால் எண் 126. ‘சிஎச்மோட்’ கட்டளையால் அனுமதி கொடுக்கலாம். ஆனால் பென் டிரைவில் வழக்கமான ஃபாட் கோப்பு முறைமை யுனிக்ஸ் அனுமதிகளைச் சேமிப்பதில்லை. கோப்பை முதலில் வீட்டுக் கோப்புறைக்கு நகலெடுக்க வேண்டும்.

அதிக நேரத்தைத் தின்பது மூன்றாவது வகை. கோப்பு கண்ணெதிரே இருக்கும். ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று ஷெல் சொல்லும். உண்மையில் இல்லாதது அதை இயக்க வேண்டிய நிரல். விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டின் முதல் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டியிருக்கும்; இயங்குதளம் அதையும் நிரலின் பெயரோடு சேர்த்தே தேடும். ‘கேட்’ கட்டளையைப் பெரிய ‘ஏ’ தெரிவோடு ஓட்டினால் அந்தக் குறி வெளிப்படும். 64 பிட் கணினியில் 32 பிட் நிரலுக்குரிய ஏற்றி இல்லாதபோதும் இதே செய்திதான்.

சொற்செயலியில் தட்டிய பாடக்குறிப்பிலிருந்து கட்டளையை நகலெடுத்து ஒட்டும்போது சிறுகோடு நீள்கோடாகவும், நேர் மேற்கோள் வளைந்ததாகவும் மாறியிருக்கலாம். அந்த வரியைக் கையால் மறுபடி தட்டுவதே விரைவு.

எதற்கும் முன்னால், நிர்வாகி உரிமையோடு இயக்கும் ‘சூடோ’வைச் சேர்ப்பது கெட்ட பழக்கம். பல இயங்குதளங்களில் அது தனக்கென வேறு ‘பாத்’ வைத்திருப்பதால், சாதாரணமாக ஓடிய கட்டளைகூட அதன்கீழ் காணாமல் போகும்.