காட்டுக்கு வேலி



சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டப் பள்ளி மாணவர்களைக் கோலா குலாவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். தைப்பிங்கிற்கு வடமேற்கே, மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் ஓரத்தில் உள்ள மீனவர் கிராமம் அது. வடக்கே குளிர் மிகுந்ததும், தொலைதூர நாடுகளிலிருந்து பறவைகள் அங்கே வந்து இறங்கும். சேற்றுத் திட்டில் அவை கூட்டங்கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. அப்போது ஒரு மாணவன், “சார், இங்கே வேலியே இல்லையே! யார் வேண்டுமானாலும் வந்து பிடித்துக்கொண்டு போய்விடலாமே?” என்று கேட்டான்.

சிறுவன் கேட்ட கேள்விதான். எனினும் அதற்கு விடை சொல்ல நம் நாட்டு வரலாற்றில் நூறாண்டுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும். காட்டுக்கு வேலி கம்பியன்று, சட்டமே. அந்த வேலி எவ்வாறு போடப்பட்டது, அது எவ்வளவு உறுதியானது என்பதை இன்று சிந்திப்போம்.

இந்நாட்டின் முதல் வனவிலங்குக் காப்பகம் நம் பேராக் மாநிலத்தில்தான் தோன்றியது. 1903ஆம் ஆண்டில் அமைந்த சியோர் காப்பகமே அது. ஈயச் சுரங்கங்களுக்காகவும், பின்னர் ரப்பருக்காகவும் காடுகள் வேகமாக அழிந்த காலம் அது. 1923இல் பகாங்கில் கிராவ் காப்பகமும், 1925இல் குனோங் தஹான் காப்பகமும், 1928இல் நம் சுங்காய் காப்பகமும் அமைந்தன.

ஆனால் இவற்றில் ஒரு குறை இருந்தது. அரசிதழில் ஓர் அறிவிப்பால் பிறந்த காப்பகத்தை இன்னோர் அறிவிப்பால் நீக்கிவிடவும் முடியும். நிலத்துக்குத் தேவை வந்தால், விலங்குக்காகப் பேச யாரும் இல்லை.

இக்குறையை நன்கு உணர்ந்தவர் தியோடர் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயர். ஈப்போ இரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் ஹப்பேக்கின் உடன்பிறந்தவர் இவர். தோட்டத் துரையாக இருந்தவர். யானையையும் காட்டெருதையும் வேட்டையாடிப் புத்தகமும் எழுதியவர். அவரே பிற்காலத்தில் துப்பாக்கியை வைத்துவிட்டு, விலங்குகளுக்காக வாதாடத் தொடங்கினார். 1930இல் மலாயா வனவிலங்கு ஆணையம் அமைக்கப்பட்டபோது அதற்குத் தலைமை ஏற்றார். ஊர் ஊராகச் சென்று மக்களின் சாட்சியத்தைக் கேட்டார். யானை வந்து பயிரை அழிக்கிறது என்று முறையிட்டவர்களும் உண்டு. அந்த முறையீடும் பொய்யன்று. 1932இல் ஆணையத்தின் அறிக்கை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. எளிதில் கலைக்க முடியாத நிலையான தேசியப் பூங்கா வேண்டும் என்பது அவருடைய முக்கியக் கோரிக்கை.

அதன் பயனாக 1938, 1939ஆம் ஆண்டுகளில் பகாங், திரெங்கானு, கிளந்தான் ஆகிய மூன்று மாநிலங்களும் தனித்தனியே சட்டம் இயற்றின. அந்நிலம் இந்நாட்டு விலங்குகளுக்காகவும் தாவரங்களுக்காகவும் என்றென்றைக்கும் ஒதுக்கப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் தொடங்கிய அப்பூங்காவே, நாடு விடுதலை பெற்றபின் தாமான் நெகாரா ஆனது. அதன் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். பிற்காலத்தில் தெம்பெலிங் ஆற்றில் அணை கட்டும் திட்டம் எழுந்தது. கட்டியிருந்தால் பூங்காவின் ஒரு பகுதி நீரில் மூழ்கியிருக்கும். இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர்; 1980களில் அத்திட்டம் கைவிடப்பட்டது. சட்டம் எழுத்தில் இருந்தது; அதற்கு உயிர் கொடுத்தவர்கள் மக்கள்.

நம் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. நிலமும் காடும் மாநில அரசுக்கு உரியவை. வனவிலங்குப் பாதுகாப்பும் தேசியப் பூங்காவும் கூட்டரசு, மாநிலம் ஆகிய இரண்டின் பொதுப் பட்டியலில் உள்ளன. அதாவது, புலியைக் காக்கும் பொறுப்பு ஓரிடத்தில். புலி வாழும் மண் இன்னோரிடத்தில். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தீபகற்ப மாநிலங்களில் தனித்தனியே இருந்த விதிகளை ஒன்றாக்கியது. ஆயினும் காப்பகத்தை அறிவிக்கும் அதிகாரம் மாநிலத்திடமே இருந்தது. 2010இல் அச்சட்டத்தின் இடத்தில் புதிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022இல் அதுவும் திருத்தப்பட்டு, தண்டனைகள் மேலும் கடுமையாயின. சுருக்குக் கண்ணி வைப்பது இன்று பெருங்குற்றம். பன்றிக்கு என்று வைக்கும் கண்ணியில் புலியும் சிக்கும், யானைக் கன்றும் சிக்கும். தோட்டப்புறத்தில் வாழும் நாம் இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும்.

மாநிலம் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் பேராக்கே சான்று. 2001இல் மாநிலப் பூங்காக் கழகச் சட்டத்தை இயற்றி, 2007இல் அரச பெலும் பூங்காவை அரசிதழில் அறிவித்தது. ஏறத்தாழ 1,17,500 ஹெக்டர் காடு அது. அதனுள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும்.

சட்டம் காலந்தாழ்ந்தால் என்ன ஆகும்? சுமத்ராக் காண்டாமிருகம் ஒரு காலத்தில் பேராக் காடுகளிலும் உலாவியது. மலேசியாவில் எஞ்சியிருந்த கடைசிக் காண்டாமிருகமும் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. இன்று அதற்காக எத்தனை ஆயிரம் ஹெக்டர் ஒதுக்கினாலும், வாழ்வதற்கு அது இல்லை.

மீண்டும் கோலா குலாவுக்கு வருவோம். அங்குள்ள மரத்தைக் காப்பது காட்டிலாகா. பறவையைக் காப்பது வனவிலங்கு இலாகா. மாத்தாங் காட்டில் மரத்தை வெட்டிக் கரியும் சுடுகிறார்கள். ஆனால் பகுதி பகுதியாக, ஏறத்தாழ முப்பது ஆண்டுச் சுற்றில் வெட்டி, மீண்டும் வளர விடுகிறார்கள். நூறாண்டுக்கு மேலாகக் காடு காடாகவே நிற்கிறது.

அன்று அந்த மாணவனிடம், “தம்பி, வேலி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது” என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, “அப்படியென்றால் தெரியாதவர்கள் தாண்டிவிடுவார்களே சார்!” என்றான். அவன் சொன்னதே உண்மை. தெரியாத சட்டம் காட்டைக் காக்காது. அதைத் தெரியப்படுத்துவது பெற்றோரும் ஆசிரியருமாகிய நம் கடமை.